முருகேஸ்வரி வாசலில் கட்டிய வேப்பிலை

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது ஆரஞ்சுப் பழத்துக்கு. ஒரு பையில் ஆரஞ்சு, இன்னொரு பையில் ரொட்டி, அக்குளில் ஹார்லிக்ஸ் பாட்டில், இவற்றோடு டெம்போவில் வந்து இறங்கும் ஒரு குடும்பம். கீமோ மருந்து கொண்டுவருகிற வாந்தியை மாத்திரையால் அடக்கிவிடலாம். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க மருந்து இருக்கிறது. "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று படியேறுகிற கூட்டத்துக்கு மட்டும் எந்த டாக்டரும் இன்றுவரை மருந்து எழுதியதாகத் தெரியவில்லை.

எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஓய்வு பெற்றால் எரிச்சல் அடங்கிவிடும் என்றார்கள். அடங்கவில்லை. "உங்க அனுபவத்துலருந்து நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை கைவசம் இல்லை. முருகேஸ்வரியின் கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று. ஊரெல்லாம் சிஸ்டர் என்று கூப்பிட்டாலும் நான் நர்ஸ் படிப்புப் படித்தவள் இல்லை. தேனியில் நம் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் தொடங்கிய புதிதில் டோக்கன் கொடுக்கிற மேசைக்கு வந்தவள். பிறகு, மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவர ஆள் வேண்டும் என்றார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள். அல்லிநகரத்துச் சந்துகளில் தொடங்கிக் கம்பம் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லக் கேட்டுக் கற்றதுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம்.

நீங்கள் இப்போது கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு "வாந்தி இருக்கா, வயித்தால போகுதா, அசதி இருக்கா" என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மனசு கோணக் கூடாதாம். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். போடி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர், நான் கிளம்பிச் செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொன்னார்: "சிஸ்டர், நான் மிதிக்கிற எடமெல்லாம் எவனோ அவல் பரப்பி வச்சிருக்கான்." பாதத்து நரம்பு மரத்துப்போனதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தன் அசதியைப் பற்றிச் சொன்னாள்: "நான் எந்திரிக்கிறதுக்கு முந்தியே அது எந்திரிச்சுப் பாயில உக்காந்திருக்கு." இப்படி ஒரு சொல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்கு மதியச் சோறு வேண்டாம்.

முருகேஸ்வரியும் அப்படி ஒரு வாய்க்காரி. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர். கொஞ்சம் திராட்சைக் கொடி சொந்தமாக உண்டு. கணவர் தங்கராசு ஜீப் ஓட்டுகிறார். விடிகிற நேரத்தில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய அவர்களோடு இறங்கி வருவார். அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடி கொட்டியபோது அவள் அழவில்லை. "பேன் பாக்குற வேலை மிச்சம் சிஸ்டரு" என்றாள். நாக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "துருப்புடிச்ச ஆணியச் சப்புற மாதிரி. கொழம்பு வச்சாக் கொழம்புல ஆணி, ரசம் வச்சா ரசத்துல ஆணி" என்பாள். அவளால் தாங்க முடியாதது தாளிக்கிற வாசம். பக்கத்து வீட்டுச் சட்டியில் கடுகு வெடித்தால் போதும், இங்கே இவள் குடல் புரண்டு வாய்க்கு வந்துவிடும்.

அவள் மாமியார் ஒச்சம்மா. நல்ல மனுஷி. மருமகளுக்காக வீரபாண்டி அம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர். ஆனால் வீடு தேடி வந்த சொந்தத்தை வாசலோடு அனுப்புவது அவரால் ஆகாத காரியம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். ஒருவர் படுக்கையில் கிடந்தால் சொந்தம் அத்தனையும் வந்து பார்த்தாக வேண்டும். வராதவரிடம் அடுத்த காதுகுத்தில் பந்தியில் வைத்துக் கேட்டுவிடுவார்கள், "நான் கெடையில கெடந்தப்ப எங்க போனீக?" என்று. அதற்குப் பயந்தே வருவார்கள். வந்தால் சும்மா இருப்பார்களா? "எப்புடி இருந்த ஒடம்பு, இப்புடி ஆகிப்போச்சே!" என்று கட்டிப்பிடித்து ஒப்பாரி. நோயாளி அவர்களுக்கு ஆறுதல் சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்து, வழியனுப்ப வேண்டும். போகிறபோது ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்பார், இன்னொருவர் முள்சீத்தா என்பார். தோட்டத்தில் மருந்தடித்த மணம்கூட மாறாத திராட்சைக் கொத்தை ஒருவர் மடியில் வைத்து "சாப்பிடு தாயி, ரத்தம் ஊறும்" என்பார்.

கீமோ ஏறியபின் சில நாளில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் வந்தவரின் சாதாரணச் சளி இவர்களுக்கு நிமோனியா. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

அன்றைக்கு நான் முருகேஸ்வரி வீட்டில் இருந்தபோதே கடமலைக்குண்டிலிருந்து அவளுடைய சின்ன மாமனார் வந்து இறங்கினார். டெம்போ நிறைய ஆள். இருமிக்கொண்டே படியேறினார்.

"ஐயா, இருமல் இருக்கு போலருக்கே. கொஞ்சம் வெளியவே உக்காருங்க" என்றேன்.

"இதுவா? எம் பொஞ்சாதி வர்றதுக்கு முந்தியே வந்த இருமல் தாயி இது. அவளையே ஒண்ணும் செய்யல. நம்ம பிள்ளைய என்ன செய்யப் போகுது?" என்று சொல்லிவிட்டு நேரே போய் மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

நான் ஒச்சம்மாவைப் பார்த்தேன். "கடமலைக்குண்டுலருந்து டெம்போ புடிச்சு வந்திருக்காக. வெளிய நில்லுங்கன்னு எந்த வாயால சொல்லச் சொல்றீக, சிஸ்டரம்மா?" என்றார். முருகேஸ்வரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காப்பி போட எழுந்து போனாள்.

அடுத்த முறை அவள் மருந்து ஏற்ற வந்தபோது நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மருந்தைத் தள்ளிப் போட்டார்கள். மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்தவள் அன்றைக்குத்தான் அழுதாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மருந்து தவணை தப்பாமப் போகணும். இப்படித் தள்ளிக்கிட்டே போனா அர்த்தமில்ல" என்றார். நான் "பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று அச்சடித்த அட்டையைக் கொண்டுபோய் அவள் வீட்டுக் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது அட்டையைக் காணோம். அந்த ஆணியில் ஒச்சம்மாவின் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

சளி சரியாகி, மறுபடியும் மருந்து ஏறியது. அதே வாரம் அல்லிநகரத்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று ஒச்சம்மா கிளம்பிப் போனார். நான் முருகேஸ்வரியைப் பார்க்கப் போனேன். வேனை விட்டு இறங்கியவள் தெருவிலேயே நின்றுவிட்டேன். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

அதன் அர்த்தம் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள். வெளியாள் உள்ளே போகக் கூடாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளே இருப்பவர் வாசல் தாண்டக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. கீமோ ஓடுகிற உடம்பில் உண்மையிலேயே அம்மை போட்டால் அது உயிருக்கே ஆபத்து. தெருவில் நின்று "முருகேஸ்வரி!" என்று கத்தினேன்.

ஜன்னலில் அவள் மொட்டைத் தலை தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கத்தாதீக சிஸ்டரு. அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. பைய உள்ள வாங்க."

"அப்ப இந்த வேப்பிலை?"

"நாந்தேன் கட்டச் சொன்னேன். உங்க அட்டையத்தான் ஒருத்தரும் படிக்கல. இத எல்லாரும் படிக்கிறாக."

தங்கராசு சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல" என்றார்.

"ஆத்தா பேர வச்சு வெளையாடுறியே?" என்றேன்.

"ஆத்தா என்ன கோவிச்சுக்கிறவளா? அவளும் பொம்பளதான. ஒடம்பு முடியாதப்பவும் வந்தவுகளுக்கெல்லாம் காப்பி போட்டே சாகுற கொடுமை அவளுக்குத் தெரியாதா?"

எனக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏனென்றால் அந்த வீடு அன்றைக்கு நான் மாதக் கணக்காகக் கெஞ்சியபடி இருந்தது. கூட்டம் இல்லை. வேப்பிலையைக் கட்டிவிட்டுத் தாளித்தால் தெருவே மோப்பம் பிடித்துவிடும் என்று தாளிப்பதையும் நிறுத்தியிருந்தார்கள். வாசம் இல்லை, அதனால் குமட்டல் இல்லை. இளநீர், கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு. அவள் கன்னத்தில் லேசாகச் சதைகூடப் பிடித்திருந்தது. நான் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தும் நடக்காதது ஒரு கொத்து இலையில் நடந்திருந்தது.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதை அழுத்திச் சொன்னேன்: "காய்ச்சல்னு தோணுச்சுன்னா மாத்திரை போட்டுப் படுத்துப் பாக்குற வேலை வச்சுக்காத. உடனே எனக்குப் போன் போடு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்." தலையாட்டினாள்.

வேப்பிலைச் செய்தி அல்லிநகரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்குமா? மருமகளுக்கு அம்மை என்று கேள்விப்பட்டதும் ஒச்சம்மா மகளையும் பேரப்பிள்ளையையும் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். வரும்போதே புதுக் கொத்தும் மஞ்சளும் கொண்டுவந்தார். புருஷன் பெண்டாட்டி இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒச்சம்மாவிடம் சொன்னால் அது அன்றைக்குச் சாயங்காலமே கடமலைக்குண்டுக்குப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பொய்க்குக் கட்டிய வேப்பிலை ஒச்சம்மா கையில் மெய்யான அம்மையாகிவிட்டது.

ஒரு முற்பகலில் போன் வந்தது. "சிஸ்டரு, சுடுது. குளுரு தூக்கிப் போடுது. அத்தை விட மாட்டேங்குறாக" என்று முருகேஸ்வரி ரகசியக் குரலில் சொன்னாள். டிரைவர் பாண்டியை வேனை எடுக்கச் சொல்லி அப்படியே கிளம்பினேன்.

ஒச்சம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நிலையில் வேப்பிலை, கையில் வேப்பிலை, பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்க் குடம்.

"சிஸ்டரம்மா, அங்கனயே நில்லுங்க. ஆத்தா வீட்டுல இருக்கா."

"ஒச்சம்மாக்கா, அது அம்மை இல்ல. உடம்புல ஒரு கொப்புளம் இருக்கா, பாருங்க."

"வாய்க்குள்ள போட்டிருக்கா முத்து. நாக்குல, கன்னத்துல, அம்புட்டும் முத்து. நான் பாத்தேனே."

"அது கீமோ மருந்து குடுத்த புண்ணு."

"மருந்து எங்கயாவது புண்ணக் குடுக்குமா? புண்ண ஆத்துறதுக்குத்தான மருந்து?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் தங்கராசுவுக்குப் போன் போட்டேன். அவர் மலைக்கு மேலே இருந்தார். சிக்னல் இல்லை. "பரிதிக்குப் புறத்து" என்று ஒரு பதிவுக் குரல் பெண் மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். வெள்ளை அணு குறைந்திருக்கும், கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஒச்சம்மா போனைப் பார்த்துக் கும்பிட்டார். "டாக்டரய்யா நல்லா இருக்கணும். ஆத்தா எறங்கட்டும். தண்ணி ஊத்துன மக்காநாளே நானே கூட்டியாறேன்." இப்படி மரியாதையாக மறுப்பவர்களிடம் கோபப்படவும் முடியாது. எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

உள்ளேயிருந்து முருகேஸ்வரி பல் தந்தியடிக்கக் கத்தினாள்: "அத்தை! அந்த வேப்பிலையக் கட்டுனது நானு. ஆளு வராம இருக்கறதுக்காகப் பொய்யாக் கட்டுனேன். ஆத்தா வரவே இல்ல."

அப்பாடா என்று நினைத்தேன். இனி முடிந்தது. மாமியார் நாலு வசவு வைவார், பிறகு வழிவிடுவார் என்று.

ஒச்சம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"பொய்யாக் கூப்புட்டாலும் கூப்புட்டது கூப்புட்டதுதான. கூப்புட்ட, வந்துட்டா. இப்ப வரலன்னா எப்புடி? இப்பத்தான் கூடுதலாப் பயப்படணும்."

எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போலிருந்தது. அவர் பேச்சில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. என் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. "அம்மை இல்ல, அம்மை இல்ல" என்று நான் கத்த, "அம்மைதான்" என்று அவர் அமைதியாகச் சொல்ல, நடுவில் அவள் கம்பளிக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் தகித்தது. அவள் உதடு சாம்பல் பூத்திருந்தது ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நான் எதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்? நோய்க்கு என்ன பெயர் என்று. அந்தச் சண்டையில் சாயங்காலத்துக்குள் நான் ஜெயித்திருக்கலாம். ஜெயித்து என்ன செய்ய? எனக்கு வேண்டியதெல்லாம் அவள் அந்தப் படியைத் தாண்டி வேனில் ஏறுவது. பெயர் என்னவாக இருந்தால் என்ன?

செருப்பைக் கழற்றிவிட்டு ஒச்சம்மா எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"சரிக்கா. ஆத்தா வந்திருக்கா. எங்கனருந்து வந்தா?"

"இது என்ன கேள்வி? வீரபாண்டியிலருந்துதான்."

"இங்கனருந்து நாங்க தேனிக்குப் போற ரோடு எது வழியாப் போகுது?"

சின்னமனூர் தாண்டினால் வீரபாண்டி, வீரபாண்டி தாண்டினால் தேனி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாதை.

"அவ வீட்டு வாசல் வழியாத்தானக்கா போறோம். அங்கனருந்து உங்க மருமகளப் பாக்க இம்புட்டுத் தூரம் வந்தவ, தேனிக்கு வரமாட்டேன்னா சொல்லப்போறா? விட்டுட்டுப் போனாத்தான் கோவிப்பா. கூட்டிட்டுப் போனா எதுக்குக் கோவிக்கிறா? நீங்களே கையில புடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

ஒச்சம்மா வேப்பிலையைப் பார்த்தார். மருமகள் முனகுகிற சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னலை எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். விடக் கூடாது என்ற பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தது அவ்வளவும் பயம்.

"முன் சீட்டு ஆத்தாளுக்கு" என்றார்.

"முன் சீட்டு ஆத்தாளுக்குத்தான்."

"டிரைவரு கவிச்சி தின்னிருக்கானா?"

பாண்டி என்னைப் பார்த்தான். அவன் கிளம்பும்போதே பிரியாணிப் பொட்டலத்தை முடித்திருந்தான், மணமே காட்டிக்கொடுத்தது. "குஸ்காம்மா. குஸ்காவுல பீஸு கெடையாது" என்றான்.

"கறிச்சட்டியில வெந்த சோறுதானலே அது? இங்கன வா."

நான் "ஐயோ, நேரமாகுதுக்கா!" என்று கத்துவதற்குள் குடத்து மஞ்சள் தண்ணீர் முழுவதும் அவன் தலையில் இறங்கியது. வெள்ளைச் சீருடை மஞ்சளாகி, மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். முன் சீட்டில் வேப்பிலைக் கொத்து. பின்னால் என் மடியில் முருகேஸ்வரி. அவள் உடம்புச் சூடு சேலையைத் தாண்டித் தொடையில் சுட்டது.

வீரபாண்டி நெருங்கியது. கோயில் வளைவு தெரிந்ததும் ஒச்சம்மா, "ஏலே, நிப்பாட்டு" என்றார். பாண்டி பயந்துபோய் நிறுத்திவிட்டான். இங்கேயே இறங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டால்? மறுபடியும் முதலிலிருந்து யார் பேசுவது?

ஒச்சம்மா இரண்டு சீட்டுக்கும் இடையே எக்கி, அந்தக் கொத்தைத் தொட்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்: "ஆத்தா, உன் வீடு வந்துருச்சுன்னு எறங்கிராத. இம்புட்டுத் தூரம் வந்துட்ட, இன்னுங் கொஞ்சம் கூட வா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது." பிறகு பாண்டி தோளில் ஒரு தட்டு. "என்னலே பாக்குற? வெரசாப் போ."

நம் மையத்தில் வேறொரு சண்டை காத்திருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் வாசலிலேயே மறித்தாள். எதிர்ப்புச் சக்தி இல்லாத நோயாளி அறைக்குள் பச்சை இலை, பூ எதுவும் வரக்கூடாது. அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒச்சம்மா கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் இருவரையும் பார்த்து, "காவலுக்கு வந்தவுக வாசல்லதானக்கா நிக்கணும்" என்று சொல்லி, கொத்தை வாங்கி அறைக்கு வெளியே கதவின் கைப்பிடியில் கட்டினேன். ஒச்சம்மா அதன் கீழே உட்கார்ந்துகொண்டார். உள்ளே முருகேஸ்வரிக்கு ஊசி ஏறியது.

டாக்டர் வெளியே வந்து, "தண்ணி ஊத்துற வரைக்கும் காத்திருந்தா..." என்று தொடங்கினார். கதவடியில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாவைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

மலை இறங்கி வந்து விஷயம் தெரிந்த தங்கராசு, ஜீப்பிலிருந்த ஆட்களைக்கூட வீட்டில் இறக்காமல் நேரே தேனிக்கு ஓட்டி வந்துவிட்டார். ஒரு ஜீப் கூலியாட்கள் நம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றதைப் பார்த்து நான், "இவுகளும் பாக்க வந்தாகளா!" என்று அலறியது இன்னும் நினைவிருக்கிறது.

காய்ச்சல் உடனே இறங்கவில்லை. எங்களை நன்றாகப் பயமுறுத்திவிட்டுத்தான் இறங்கியது. அது இறங்குவதற்கு முன்பே கடமலைக்குண்டுச் சின்ன மாமனார் வந்துவிட்டார். அதே டெம்போ, அதே கூட்டம், அதே ஆரஞ்சுப் பை, அதே இருமல். அந்தக் கதவில் கண் உயரத்தில் "பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று பெரிய எழுத்தில் நம் பலகை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். நான் தடுப்பதற்குத் தயாராக எழுந்தேன். கைப்பிடியில் கை வைக்கப் போனவர் இலையைக் கண்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாயில் துண்டைப் பொத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டார். ஆரஞ்சுப் பையை ஒச்சம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, கூட்டத்தைத் திருப்பி ஓட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழே போன பிறகுதான் இருமினார்.

இதைப் படித்துவிட்டு வாசலுக்கு வாசல் வேப்பிலை கட்டக் கிளம்பிவிடாதீர்கள். அது என்ன செய்யும் என்று பார்த்தீர்கள் அல்லவா? ஆட்களை வெளியே நிறுத்திய அதே இலைதான் அவளை உள்ளே வைத்துப் பூட்டப் பார்த்தது. நான் சொல்வது ஒன்றுதான். கீமோ ஓடுகிறவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அவர்களை வண்டியில் ஏற்றுங்கள். அம்மை என்றால் அம்மையை ஏற்றுங்கள், பேய் என்றால் பேயையும் ஏற்றுங்கள். வாதாட வேண்டியதை ஊசி ஏறிய பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

முருகேஸ்வரி மிச்ச மருந்தையும் முடித்தாள். ஒச்சம்மா வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்தார். பொய்யாகக் கூப்பிட்டதற்கு அபராதமாக மருமகளையும் கூடவே நடக்கவைக்கப் பார்த்தார். தீச்சட்டிக் கூட்டத்துக்குள் அவளை விடக் கூடாது என்று நானும் அவரும் போட்ட சண்டையை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

கொஞ்ச காலம் கழித்து, தலையில் முடி முளைத்துவிட்டது என்று சொல்ல ஒருநாள் போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே படபடவென்று ஏதோ வெடிக்கிற சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"கடுகு சிஸ்டரு. ரசத்துக்குத் தாளிக்கிறேன். இப்பல்லாம் ஒண்ணும் செய்யல. நாக்குல ஆணி போயி உப்பு, புளி எல்லாம் தெரியுது."

அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது. கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

"அடியே, யாரு வந்திருக்கா?"

"வேற யாரு? கடமலைக்குண்டு மாமாதேன். டெம்போ நெறய வந்திருக்காக, ஒடம்பு தேவலையான்னு பாக்க."

"நீ என்ன பண்ணப்போற?"

"என்ன பண்ண? ரசத்த எறக்கிட்டுக் காப்பிக்குத் தண்ணி வைக்கணும்" என்றாள்.